பேச்சிமுத்து அண்ணாச்சி பூட்டிவிட்டுப் போன செல்போன்

பேச்சிமுத்து அண்ணாச்சி இறந்த செய்தி எனக்கு ஒரு படமாக வந்தது. ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரில் வாய் திறந்தபடி கிடக்கிறார். சட்டைப் பொத்தான்களை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். நெஞ்சில் கருவி ஒட்டி எடுத்த தடம் தெரிகிறது. காலையில் கடை ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, செல்போனைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில்தான் வந்திருந்தது. கீழே கும்பிடும் கைகளும் அழும் பொம்மைகளும் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. இந்தப் படத்தை யார் எடுத்தது, எதற்கு எடுத்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அவர் மனைவி உலகம்மாளை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினி அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் இன்னும் வெளியே வரவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் கையிலிருந்த செல்போனில் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் புருஷன் போய்விட்டார் என்பதே மதினிக்குத் தெரிந்திருக்கிறது. இதை எனக்கு அவரே சொன்னார். படத்தை எடுத்துவிடுங்கள் என்று குழுவில் எழுதினேன். “அன்பினால் போட்டதும்மா” என்று பதில் வந்தது. உங்கள் அன்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாவை அந்தக் கோலத்தில் எடுத்து ஊருக்கு அனுப்புவீர்களா?

தென்காசி வட்டாரத்தில் செல்போன் கடை, சர்வீஸ் கடை, ஜெராக்ஸ் கடை நடத்துகிற நாமெல்லாம் ஒரு சங்கம். அந்தச் சங்கத்தின் இரங்கல் மலருக்கு என்னை எழுதித் தரச் சொன்னார்கள். “நல்லதா நாலு வார்த்தை எழுதுங்கம்மா, பழசயெல்லாம் கிண்ட வேண்டாம்” என்றும் சொன்னார்கள். பழசைக் கிண்டாமல் பேச்சிமுத்து அண்ணாச்சியைப் பற்றி எழுத என்னால் ஆகாது. போடுகிறதும் போடாததும் உங்கள் இஷ்டம். போடாவிட்டால் நானே நகல் எடுத்து வருகிறவர் போகிறவரிடம் கொடுத்துக்கொள்கிறேன். ஜெராக்ஸ் மிஷின் என்னிடம்தான் இருக்கிறது.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் கடை. ஒரே ஷட்டர், இரண்டு பெயர்ப்பலகை. இடது பக்கம் அவருடைய செல்போன் சர்வீஸ். வலது பக்கம் என்னுடைய ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும். நடுவில் தடுப்பு கிடையாது. பதினோரு வருஷம் அப்படி இருந்தோம். அவர் எனக்கு முதலாளியும் இல்லை, வாத்தியாரும் இல்லை. சண்டைக்காரர். ஃபேன் யார் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்குக்கூட வாரத்துக்கு ஒரு சண்டை நடக்கும். அவர் பேச்சில் இனிமை என்பது மருந்துக்கும் கிடையாது. யாருடைய அறியாமையையும் அவரால் சிரித்துக் கடக்க முடியாது. வாய் பொறுக்காமல் சொல்லிவிடுவார். வாடிக்கையாளர் முகம் சுருங்கிப் போவார். நான் இந்தப் பக்கத்திலிருந்து தலையில் அடித்துக்கொள்வேன்.

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் எங்கள் கடைக்கு ஈரச் செல்போன்கள் வரத் தொடங்கும். கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் உறையைத் தொங்கவிட்டுக்கொண்டு அருவிக்குள் போய்விடுகிறார்கள். மெயினருவியின் அடிக்கு அந்த உறை எந்த மூலைக்கு? தண்ணீர் புகுந்ததும் லாட்ஜ்காரரிடம் ஒரு படி அரிசி வாங்கி அதற்குள் புதைத்து வைத்துவிட்டு, மறுநாள் மாலையில் எங்களிடம் வருவார்கள். சார்ஜ் போடும் ஓட்டையில் தவிடு அடைத்திருக்கும். “அரிசியில போட்டா செல்லு காயாது, அரிசிதான் நனையும். நனைஞ்ச உடனே ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டுக் கொண்டாங்க. சார்ஜரச் சொருகிப் பாக்காதீய, உள்ள வெந்துரும்” என்பார். இதை ஒரு சீசனில் முந்நூறு பேருக்காவது சொல்லியிருப்பார். முந்நூறு தடவையும் அதே கடுகடுப்பு.

ஆனால் அவர் உண்மையில் கோபப்படுவது அதற்கல்ல. வந்தவர்கள் செல்போனை மேஜையில் வைத்துவிட்டு, கேட்காமலேயே, “லாக் நம்பர் இதான் சார், எழுதிக்கோங்க, நாங்க ஐந்தருவிக்குப் போய்ட்டு வந்துருதோம்” என்பார்கள். அப்போது அவர் காதைப் பொத்திக்கொள்வார். நிஜமாகவே இரண்டு கையாலும் பொத்திக்கொள்வார். “எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீய? கதவு ரிப்பேர் பண்ண வந்த ஆசாரிட்ட பீரோச் சாவியக் கொடுப்பீயளா?” என்பார். வந்தவர்களுக்கு அது அவமானமாக இருக்கும். ஒரு குடும்பம், “ஓவரா பண்ணுதாரு இந்தாளு” என்று சொல்லிவிட்டு எதிர்க் கடைக்குப் போனது. அங்கே பூட்டு எண்ணை வாங்கிக்கொண்டு, உட்கார நாற்காலியும் கொடுத்தார்கள்.

நம் ஊர்க் கடைகளில் ஒரு பழக்கம் உண்டு. உங்களுக்கெல்லாம் தெரியும். சர்வீஸ் ரசீதிலேயே ஒன்பது புள்ளி அச்சடித்திருப்போம். வாடிக்கையாளர் பூட்டைத் திறக்க விரலால் எப்படிக் கோடு இழுப்பாரோ அதை அந்தப் புள்ளிகளில் வரைந்து காட்டிவிட்டுப் போக வேண்டும். அந்த ரசீதை செல்போனோடு ரப்பர் பேண்ட் போட்டு மேஜையில் வைத்துவிடுவோம். கடையில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திறக்கலாம், பார்க்கலாம். பெயர், விலாசம், பூட்டின் படம் எல்லாம் ஒரே தாளில் இருக்கும். இந்த ஊரில் அந்தப் புள்ளிகள் இல்லாமல் ரசீது அடித்தவர் பேச்சிமுத்து அண்ணாச்சி ஒருவர்தான். வேலை முடிந்ததும் செல்போனை வாடிக்கையாளர் பக்கம் தள்ளுவார். “நீங்களே திறந்து, பேசிப் பாருங்க, கேமரா பாருங்க. நான் அங்கன திரும்பிக்கிடுதேன்” என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். சுவரைப் பார்த்து நிற்கும் ஒரு கடைக்காரரைப் பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். நானும் சிரித்திருக்கிறேன்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு நாள் குற்றாலத்தில் லாட்ஜ் ஒன்றுக்கு வேலையாகப் போய்விட்டு, திரும்பி வரும்போது வாழைக்காய் பஜ்ஜி வாங்கி வந்தார். பஜ்ஜியை ஒரு தட்டில் கொட்டிவிட்டு, அதைச் சுற்றியிருந்த தாளை என் மேஜையில் விரித்து வைத்தார். ஓர் ஆதார் நகல். கோணலாக விழுந்து பாழாய்ப் போன நகல். ஓரத்தில் என் மிஷினுக்கே உரிய கறுப்புக் கோடு. நான் பாழான தாள்களைச் சாக்கில் கட்டிப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாக் கடைக்காரரும் செய்வதுதான்.

“யாரு இந்தப் புள்ள? உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“எனக்கெப்படித் தெரியும்? ஒரு நாளைக்கு நூறு பேர் வாராவ.”

“எனக்குத் தெரியும். பேரு தெரியும், அப்பா பேரு தெரியும், தெரு தெரியும், பொறந்த தேதி தெரியும். பஜ்ஜிக்காரனுக்கும் தெரியும். எண்ணெ பட்டு மூஞ்சி நல்லா பளிச்சின்னு இருக்கு, பாரு.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பேசாமலே ஒரு வாளி வாங்கி வந்து மிஷினுக்கு அடியில் வைத்தேன். பாழான நகல்களைக் கிழித்துத் தண்ணீரில் ஊறப் போட்டுக் கூழாக்கிய பிறகே வெளியே கொட்டுவது என்று ஆரம்பித்தேன். நகல் எடுக்க வருகிறவர்களிடம், எதற்காகக் கொடுக்கிறீர்களோ அதையும் தேதியையும் நகலின் குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், அப்போதுதான் வேறு எதற்கும் எடுத்து நீட்ட முடியாது என்று சொல்லத் தொடங்கினேன். வாளியைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “ஃபேன உன் பக்கம் திருப்பிக்கோ.”

இப்போது நீங்கள் கிண்ட வேண்டாம் என்று சொன்ன பழசுக்கு வருகிறேன். அந்தப் பிள்ளையின் ஊரையோ வேலையையோ எழுதமாட்டேன். பெயர் எனக்குத் தெரியவே தெரியாது. அண்ணாச்சி என்னிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு மத்தியானம் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அவள் அம்மாவோடு வந்தாள். அப்போது நம் சங்கச் செயலாளராக இருந்தவரின் கடையில் இரண்டு வாரத்துக்கு முன்னால் உடைந்த டிஸ்பிளேயை மாற்றியிருக்கிறாள். அவளுடைய சொந்தப் படங்கள் ஊர்க் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தன. யாருக்கும் அனுப்பாத படங்கள் எப்படிப் போயின என்று அவளுக்குப் புரியவில்லை. வீட்டில் அண்ணன்காரன் அடித்திருந்தான். கன்னத்தில் விரல் தடம் இருந்தது.

அண்ணாச்சி அவளுடைய செல்போனைக் கையில் வாங்கவே இல்லை. “நீயே திறம்மா. வாட்ஸ்அப்ல மேல மூணு புள்ளி இருக்கா? அதத் தொடு. இணைச்ச சாதனம்னு வருதா? அதுல என்ன இருக்குன்னு வாசி” என்றார். அவள் வாசித்தாள். ஒரு கம்ப்யூட்டர் இணைக்கப்பட்டிருந்தது. இணைத்த தேதி, டிஸ்பிளே மாற்றிய தேதி. அவள் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. அவள் கையில் இருந்த ரசீதில், ஒன்பது புள்ளிகளுக்கு நடுவே அவளே வரைந்து கொடுத்த கோடு இருந்தது. அந்தக் கோடு தெரிந்த எவரும் செல்போனைத் திறந்து உள்ளே இருந்த படங்களை எடுத்திருக்கலாம். போதாததற்கு, அந்த இரண்டு வாரமும் அவள் அனுப்பியது, வாங்கியது எல்லாம் இன்னொரு திரையிலும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவளுடைய அம்மா, “எல்லாத்தையும் அழிச்சிரு ஏட்டி” என்று அழுதார். “அழிக்காதம்மா. இதப் படம் பிடிச்சு வச்சுக்கோ. ரசீதையும் வச்சுக்கோ. அப்புறம் அந்த இணைப்ப வெட்டு. நேரா போலீசுக்குப் போவோம், நான் சாட்சிக்கு வாரேன்” என்றார் அண்ணாச்சி.

அவர்கள் போன பிறகு நான் ஒரு கேள்வி கேட்டேன். அதை இங்கே எழுதாமல் விட்டால் மற்றவர்களைத் திட்டுவதற்கு எனக்கு வாய் கிடையாது. “இருந்தாலும் அண்ணாச்சி, அந்தப் பிள்ள அப்படிப் படம் எல்லாம் எதுக்கு எடுத்து வச்சிருக்கணும்?” என்று கேட்டேன். அவர் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தார்.

“களவு போனது அவ வீட்டுல. நீ போயி, ஏன் வீட்டுல சாமான் வச்சிருந்தேன்னு அவளக் கேக்க. களவாண்டவன ஒரு வார்த்த கேக்கல. நீயும் பொம்பளதான?”

பதினோரு வருஷத்தில் அவர் என்னைச் சொன்ன சொற்களிலேயே அதுதான் ஆழமாகப் போனது. அன்று எனக்கு அழுகை வந்தது. இப்போது எழுதும்போதும் வருகிறது.

அவர் சாட்சி சொன்னார். அதன் பிறகு சங்கம் என்ன செய்தது என்று உங்களில் ஒவ்வொருவருக்கும் தெரியும். கூட்டம் போட்டு, “தொழில் பண்ணுதவன தொழில் பண்ணுதவனே காட்டிக் கொடுக்கலாமா?” என்று கேட்டீர்கள். மொத்த வியாபாரிகளிடம் சொல்லி, அவருக்கு டிஸ்பிளே, பேட்டரி எதுவும் கொடுக்காமல் நிறுத்தினீர்கள். இரண்டு வருஷம் அந்த மனிதர் ஒரு சின்ன உதிரிப் பாகத்துக்குக்கூடச் செங்கோட்டையிலிருந்து வரும் ரயிலைப் பிடித்து மதுரைக்குப் போய் வந்தார். ரயிலில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வருவார். மறுநாள் காலையில் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு கடை திறப்பார். போன வருஷம் முதல் தடவையாக நெஞ்சு வலித்ததும் அந்த ரயிலில்தான். நான் டாக்டர் இல்லை. நீங்கள்தான் அவரைக் கொன்றீர்கள் என்று எழுத எனக்கு அருகதை இல்லை. ஆனால் அவர் படத்துக்கு மாலை போடக் கை நீட்டும்போது இதை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள் என்று சொல்ல அருகதை இருக்கிறது. வழக்கு கோர்ட்டில் நடக்கிறது. யார் குற்றவாளி என்று கோர்ட் சொல்லட்டும். நான் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுதுகிறேன்.

மேலகரத்தில் அவர் வீட்டில் அன்று நடந்ததையும் கண்ணால் பார்த்தேன். உடலை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். மதினியின் தம்பி, அதாவது அண்ணாச்சியின் மச்சினர், இறந்தவரின் செல்போனை எடுத்துக்கொண்டு வந்து உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஃப்ளெக்ஸ் போர்டுக்கு நல்ல படம் வேண்டும், சொந்தக்காரர்களின் நம்பர் வேண்டும் என்றார். பிறகு துண்டை எடுத்து, செத்துப் போனவரின் கட்டைவிரலைத் துடைத்து, செல்போனில் வைத்து அழுத்தினார். திறக்கவில்லை. இன்னொரு விரலை வைத்தார். பிறகு மற்றக் கை. கடைசியில் செல்போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். சுற்றி இருபது பேர் நின்றோம். “கொஞ்சம் கிட்டப் பிடிச்சுப் பாரு” என்று யோசனை சொன்னவர்களும் இருந்தார்கள்.

அது திறக்காது என்று எனக்குத் தெரியும். அண்ணாச்சி தன் செல்போனில் விரலையும் முகத்தையும் பதிந்ததே கிடையாது. நீளமான எண் மட்டும்தான். “நாம அசந்து தூங்கும்போது நம்ம விரல எவனும் எடுத்து வச்சுப் பாக்கலாம். மனசுல இருக்கத எடுக்க முடியாதுல்லா” என்பார். தூக்கத்தைத்தான் நினைத்துச் சொன்னார். இப்படியும் நடக்கும் என்று அவர்கூட நினைத்திருக்க மாட்டார்.

அப்போது அந்தப் பழைய செயலாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் பெரிய மாலை. மாலையைப் போட்டுவிட்டு, மச்சினரின் தோளில் கை வைத்து, “இங்கன கொண்டாங்க. நம்ம கடையில சாப்ட்வேர் இருக்கு, எப்படியாவது திறந்து தாரேன். அண்ணாச்சிக்கு இதுகூடச் செய்யலன்னா எப்படி?” என்றார். மச்சினர் நல்ல மனுஷர், விவரம் தெரியாதவர். செல்போனைக் கொடுத்துவிட்டார். அது செயலாளரின் சட்டைப் பைக்குள் போனது.

அந்தச் செல்போனில் என்ன இருக்கும் என்று எனக்கு ஒரு கணத்தில் உறைத்தது. அந்தப் பிள்ளை, எந்தெந்தக் குழுவில் எந்தப் படம் வந்தது என்று போலீசுக்குக் கொடுப்பதற்காக ஒவ்வொன்றாக எடுத்து அண்ணாச்சிக்குத்தான் அனுப்பியிருந்தாள். அவளுடைய நம்பர், அவள் இப்போது வேலை பார்க்கும் ஊர், வக்கீலோடு பேசியது எல்லாம் அதில்தான் இருக்கும். ஊருக்குப் பயந்து ஓடி, வேறு இடத்தில் தலை நிமிர்த்தி நிற்கிற ஒரு பெண்ணின் வாழ்க்கை அந்தச் சட்டைப் பைக்குள் கிடந்தது.

“அந்தச் செல்ல வெளிய எடுங்க!” என்று கத்திவிட்டேன். “உங்க பையில அது இருக்கக் கூடாது!”

“ஏட்டி செண்பகம், சாவு வீட்டுல என்ன சத்தம்?” என்று ஒரு பெரியவர் அதட்டினார். எல்லாரும் என்னைத்தான் முறைத்தார்கள். பிணத்தின் விரலைப் பிடித்து அழுத்தியபோது யாருக்கும் குறையாகப் படவில்லை. நான் சத்தம் போட்டது மட்டும் மரியாதைக் குறைவாகிவிட்டது.

மதினி எழுந்தார். அதுவரை உடலின் தலைமாட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தவர். நேரே நடந்து வந்து, அத்தனை பேர் பார்க்க, அந்த ஆளின் சட்டைப் பைக்குள் கையை விட்டுச் செல்போனை எடுத்தார். புருஷன் செத்துக் கிடக்கும்போது இன்னொரு ஆம்பளையின் நெஞ்சில் கை வைக்கிறாளே என்று பொம்பளைகள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். மதினி அதைக் கண்டுகொள்ளவில்லை. “நீரு அவியளுக்குச் செஞ்சதெல்லாம் போதும்” என்றார். செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடியும் தலைமாட்டில் போய் உட்கார்ந்துவிட்டார்.

சங்கத்தின் சார்பில் வைத்த ஃப்ளெக்ஸில் ‘தொடர்புக்கு’ என்று மதினியின் நம்பரை வேறு அச்சடித்திருந்தீர்கள். துக்கத்தில் இருக்கிற பொம்பளையின் நம்பரை நாற்சந்தியில் எழுதி வைத்தால் என்ன ஆகும்? மூன்றாம் நாளே ஒருவன் இன்ஷ்யூரன்சிலிருந்து பேசுவதாகக் கூப்பிட்டிருக்கிறான். “உங்க செல்லுக்கு ஒரு ஓ.டி.பி. வரும், அதச் சொல்லுங்கம்மா” என்றானாம். “அத எங்க வீட்டுக்காரருக்கே சொன்னதில்ல, உனக்கா சொல்லப் போறேன், மூதி” என்று மதினி வைத்துவிட்டார். இதைக் கேட்டபோது அத்தனை துக்கத்திலும் எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்தது.

பதினாறு முடிந்து இரண்டு நாள் கழித்து, மத்தியானத்தில் மதினி கடைக்கு வந்தார். அண்ணாச்சியின் நாற்காலியில் உட்காராமல் வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்தார். இடுப்பிலிருந்து செல்போனை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“இத உன்னால திறக்க முடியுமா, செண்பகம்?”

“முடியாது மதினி. முடியும்னு சொல்லுதவங்கிட்டக் கொடுக்கவும் கூடாது.”

“அழிக்க முடியுமா?”

பூட்டு எண் தெரியாவிட்டாலும் பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி உள்ளே இருப்பதை மொத்தமாகத் துடைத்துவிடலாம். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் அதற்கு எனக்குக் கை பழகியிருந்தது. முடியும் என்றேன். ஆனால் ஏன் அழிக்க வேண்டும், பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள் என்றேன்.

“எத்தன நாளைக்கு? அந்தச் செயலாளர் ரெண்டு தடவ ஆள் அனுப்பிட்டாரு. தம்பி தெனமும் கேக்கான். நான் பெங்களூருக்கு மவ வீட்டுக்குப் போறேன். எனக்கப்புறம் இது எவன் கையில போவும்? அந்தப் புள்ள கொடுத்ததெல்லாம் போலீசுலயும் இருக்குல்லா?”

வக்கீலிடம் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். எல்லாம் அங்கே பதிவாகி இருக்கிறது, வழக்குக்கு இந்தச் செல்போன் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். நான் மற்றதைக் கேட்டேன். மதினி வைத்திருப்பது பொத்தான் போன். பேரனின் படம், மகள் கல்யாணம், இருவரும் சேர்ந்து எடுத்தது எல்லாம் இந்த ஒரு செல்போனில்தான். ஊருக்கெல்லாம் ‘இன்னொரு இடத்துல நகல் எடுத்து வச்சுக்கோங்க’ என்று சொன்ன மனிதர் தனக்கு எடுத்து வைக்கவில்லை. தேடிப் பார்த்தோம், எங்கும் இல்லை. இதற்காக அவர்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

“போன சீசனுக்கு பழைய குத்தாலத்துக்கு ரெண்டு பேரும் போனோம்” என்றார் மதினி. “நான் குளிக்கத வீடியோ எடுக்கேன்னு நின்னாவ. எடுக்காதீயன்னு வஞ்சேன். உன்ன எடுக்கலட்டி, தண்ணிய எடுக்கேன்னு சொன்னாவ. அதுல அவிய குரல் இருக்கு. பேசிக்கிட்டே எடுத்தாவ.”

“அது போயிரும் மதினி. திரும்ப வராது.”

“தெரியும்” என்றார். “மவட்ட நாலஞ்சு போட்டா இருக்கு, அது போதும். எனக்குப் போவது அவிய குரலு. அந்தப் புள்ளைக்குப் போனா திரும்பவும் உசிரு போவும். நீ அழி.”

பொத்தான்களை அழுத்தினேன். திரை கறுத்து, எழுத்து வந்து, எல்லாவற்றையும் அழிக்கலாமா என்று கேட்டது. நான் மதினியைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். ஒரு மனிதரின் அத்தனை வருஷமும் அழிய ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. செல்போன் புதிதாகக் கண் விழித்து, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. மதினி அதை வாங்கி, முகத்துக்கு நேராக வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் மேஜையிலேயே வைத்துவிட்டு பஸ் ஏறப் போனார்.

அவருடைய ஸ்க்ரூ டிரைவர்கள், சால்டரிங் அயர்ன் எல்லாவற்றையும் மச்சினர் விற்றுவிட்டார். எனக்கென்று ஒன்றையும் கேட்டு வாங்கவில்லை. நீங்கள் இரங்கல் கூட்டத்தில் அவருடைய நினைவாக எதைப் பாதுகாத்து வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அவர் செல்போனில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் பழைய குற்றாலத்தில் தண்ணீரை எடுத்துக்கொண்டே மதினியிடம் என்ன பேசினார் என்று தெரியாது. அந்தப் பிள்ளையின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது, இனித் தெரியவும் வராது. அந்தத் தெரியாமையைத்தான் பாதுகாத்து வைத்திருக்கிறேன்.